பைக் செலவும் கார் செலவும்: ஐந்தாண்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

பைக் வாங்குவதா, கார் வாங்குவதா என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் இரண்டு எண்களோடு முடிந்துவிடுகிறது: மாதத் தவணை எவ்வளவு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும். இரண்டும் தேவையான எண்கள்தான் என்றாலும், வண்டி நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும் பணத்தில் பெரும்பகுதி இவற்றில் தெரிவதில்லை. பங்க்கில் நீட்டும் பணம் கண்ணுக்குப் படுகிறது. வாசலில் நின்றபடியே வண்டி இழக்கும் மதிப்பும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டிய காப்பீடும், கடனுக்குப் போகும் வட்டியும் அப்படிப் படுவதில்லை. ஆகவே கிலோமீட்டர் ஒன்றுக்கு மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே சரியான வழி. தமிழ்நாட்டில் புதிய பைக்கோ சிறிய காரோ வாங்க நினைக்கும் ஒருவரை மனத்தில் வைத்து அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். விலைகள் ஊருக்கும் மாடலுக்கும் ஏற்ப மாறும் என்பதால், என் எண்களை நீக்கிவிட்டு உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு ஐந்தாண்டுக் காலத்தை எடுத்துக்கொள்வது வசதியானது. கார் கடன் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் முடிகிறது. புதிய பைக்குக்கு, மற்றவருக்கு நேரும் பாதிப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டையும் ஐந்தாண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டியிருக்கிறது. காப்பீட்டுக்காக வண்டியின் மதிப்பைக் கணிக்கும் அட்டவணையும் நான்கு ஆண்டைத் தாண்டிய வண்டியின் மதிப்பில் பாதியைக் கழித்துவிடுகிறது. சந்தையில் கிடைக்கும் விலை இதைவிடக் கூடலாம், குறையலாம். ஆனால் மதிப்பு எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதை அந்த அட்டவணை ஓரளவு உணர்த்திவிடும்.

ஓட்டத்தை முதலில் கணியுங்கள்

தாளின் முதல் வரியில் வண்டியின் விலையை எழுதாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடப்போகிறது என்பதை எழுதுங்கள். மற்ற எண்கள் எல்லாம் இதைச் சார்ந்தே அமையும். தாம்பரத்தில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்ப்பவர் கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 250 வேலை நாட்கள் என்றால் 8,000 கிலோமீட்டர் ஆகிறது. கடை, கோயில், உறவினர் வீடு என்று இன்னும் 2,000 சேர்த்தால் 10,000. ஐந்தாண்டில் இது 50,000 கிலோமீட்டர். இப்போது ஏதாவது ஒரு வண்டி வைத்திருப்பவர் மதிப்பிடவே வேண்டாம். ஓடோமீட்டரில் இருக்கும் எண்ணை வண்டியின் வயதால் வகுத்தால் போதும். வரும் எண் நாம் நினைத்ததைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

வாங்கும் நாளில் கொடுப்பது

ஷோரூமில் தரும் விலைப்பட்டியலில் எக்ஸ்-ஷோரூம் விலை, வாழ்நாள் வரி, காப்பீடு, பதிவுச் செலவு என்ற நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்; மொத்தத் தொகை மட்டும் போட்ட தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கும் இப்போது 18 விழுக்காடுதான். இந்த வரம்புகளைத் தாண்டினால் 40 விழுக்காடு. புகழ்பெற்ற புல்லட் வகை வண்டிகளின் 349 சி.சி. எஞ்சின் ஒரே ஒரு சி.சி. வித்தியாசத்தில் 18 விழுக்காட்டுப் பக்கமே நின்றுவிட்டது.

ஜி.எஸ்.டி. குறைந்தாலும் மாநிலத்தின் வாழ்நாள் வரி குறையவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரி உயர்த்தப்பட்டது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 10 விழுக்காடும் அதற்கு மேல் 12 விழுக்காடும் வசூலிக்கப்படுகின்றன. காருக்கு ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு. விலை பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும் மாடலைத் தேர்ந்தெடுப்பவர் இந்தப் படியைக் கவனிக்க வேண்டும். 13 விழுக்காட்டுக்கும் 18 விழுக்காட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது.

காப்பீடு இரண்டு பகுதிகளைக் கொண்டது. மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது; எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் தொகை ஒன்றுதான். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 75 முதல் 150 சி.சி. வரையிலான பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 350 சி.சி. வரை 1,366, அதற்கு மேல் 2,804. காருக்கு 1,000 சி.சி. வரை 2,094, 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதிய பைக்குக்கு ஐந்தாண்டு, புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுப்பது கட்டாயம். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஷோரூமிலேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் சொல்லும் தொகையை வெளியே இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டுப் போனால், பெரும்பாலும் அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

நம் எடுத்துக்காட்டில் பைக்கின் எக்ஸ்-ஷோரூம் விலை 80,000 ரூபாய், வரி 8,000, காப்பீடு 6,500, பதிவும் இதரமும் 1,500, மொத்தம் 96,000. சிறிய பெட்ரோல் காரின் விலை 6,00,000, வரி 78,000, முதலாண்டுக் காப்பீடு 30,000, பதிவும் இதரமும் 5,000, மொத்தம் 7,13,000.

கடனில் மறைந்திருக்கும் வட்டி

காருக்கு ஐந்து லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டிக்கு 60 மாதக் கடனாக வாங்கினால் தவணை 10,379 ரூபாய் வரும். வட்டியாக மட்டும் 1,22,700 ரூபாய்க்கு மேல் போகும். பைக் கடனில் தொகை சிறியது, ஆனால் வட்டி விகிதம் பெரியது. அதிலும் கவனிக்க வேண்டியது ‘ஃபிளாட் ரேட்’ என்று சொல்லப்படும் கணக்கு. 70,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு ஃபிளாட் ரேட்டில் மூன்றாண்டுக் கடன் என்றால், அசல் மாதாமாதம் குறைவதைப் பொருட்படுத்தாமல் முழுத் தொகைக்கும் மூன்றாண்டு வட்டி 21,000 ரூபாய் போட்டு, மாதம் 2,528 ரூபாய் தவணை கேட்பார்கள். குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் இது ஏறத்தாழ 18 விழுக்காடு. விகிதத்தைக் கேட்காதீர்கள், மொத்தம் எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். வங்கியில் 13 விழுக்காட்டுக்குக் கிடைத்தால் அதே கடனுக்கு வட்டி 15,000 ரூபாய்க்குள் அடங்கும். அந்த எண்ணையே நான் கணக்கில் கொண்டிருக்கிறேன்.

பெட்ரோல்: விளம்பர எண்ணை நம்ப வேண்டாம்

நிறுவனம் சொல்லும் மைலேஜ் சோதனைக் கூடத்தில் கிடைத்தது. உங்கள் சாலையில் என்ன கிடைக்கிறது என்பதை அறிய டேங்கை முழுதாக நிரப்பும் முறைதான் நம்பகமானது. பைக்கை மெயின் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாட்கள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், அதே பம்பில், அதேபோல் நிமிர்த்தி நிறுத்தி மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை எண் கிடைக்கும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் டேங்க்கின் ஒரு பக்கம் காலியாக நின்று, கணக்கு தவறிப் போகும். வண்டி இன்னும் வாங்காதவர் அதே மாடலை அதே சாலையில் ஓட்டும் ஒருவரை இப்படிச் செய்து பார்க்கச் சொல்லலாம். ‘நல்லா குடுக்குது’ என்ற பதிலைக் கணக்கில் எழுத முடியாது.

சென்னைப் போக்குவரத்தில் 110 முதல் 125 சி.சி. வரையிலான பைக்குக்கு லிட்டருக்கு 50 கிலோமீட்டர், சிறிய காருக்கு 15 கிலோமீட்டர் என்று கொள்கிறேன். பெட்ரோல் விலையை 100 ரூபாயாக வைத்துக்கொள்வோம். பைக்கில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய், காரில் ஏறத்தாழ 6 ரூபாய் 67 பைசா. ஐந்தாண்டில் பைக்குக்கு ஒரு லட்சமும் காருக்கு 3,33,000 ரூபாயும் ஆகின்றன. கார் மூன்று மடங்குக்குச் சற்று மேலே செலவு வைக்கும் என்று பலரும் நம்புவது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

பராமரிப்பு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைக்குக்கு ஆயில் மாற்றம், பொதுச் சர்வீஸ், பிரேக் ஷூ என்று ஆண்டுக்கு 3,500 ரூபாய். ஐந்தாண்டில் ஒரு ஜோடி டயர், இரண்டு முறை செயின் ஸ்பிராக்கெட், ஒரு பேட்டரி என்று மேலும் 8,500. ஆக 26,000 ரூபாய். இரண்டு நல்ல ஹெல்மெட், ரெயின்கோட், புகைப் பரிசோதனைச் சான்று எல்லாம் சேர்த்து 6,000. காருக்குச் சர்வீஸ் 40,000, நான்கு டயர் 20,000, பேட்டரி, வீல் அலைன்மென்ட் முதலியவை 10,000, ஆக 70,000. காருக்கு மட்டுமே உரிய இன்னொரு செலவு உண்டு: பார்க்கிங், தண்ணீர் சர்வீஸ், சுங்கக் கட்டணம். மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலே ஐந்தாண்டில் 60,000 ஆகிறது. வீட்டில் நிறுத்த இடமில்லாமல் வாடகைக்கு இடம் பிடிப்பவருக்கு இது இரண்டு மடங்கைத் தாண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. சொந்தக் காரில் அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்கு 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் லாபமாக இருக்கும். ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். மாநிலச் சாலைச் சுங்கச்சாவடிகளில் இது செல்லாது.

கூட்டிப் பார்த்தால்

மதிப்பிழப்பைக் கணக்கிட, காப்பீடு நீங்கலாக வாங்கும் நாளில் கொடுத்த தொகையிலிருந்து ஐந்தாண்டு கழித்து விற்றால் கிடைக்கும் தொகையைக் கழிக்க வேண்டும். பைக்கை 40,000 ரூபாய்க்கு விற்கலாம் என்றால் இழப்பு 49,500. காரை 3,30,000 ரூபாய்க்கு விற்கலாம் என்றால் இழப்பு 3,53,000. நீங்கள் வாங்க நினைக்கும் மாடலில் ஐந்து வயதான வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பழைய வண்டிச் சந்தையில் பார்த்தால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

பைக்குக்கு இழப்பு 49,500, ஐந்தாண்டுக் காப்பீடு 11,000, பெட்ரோல் 1,00,000, பராமரிப்பு 26,000, ஹெல்மெட் முதலியவை 6,000, வட்டி 15,000. மொத்தம் 2,07,500 ரூபாய். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 15 பைசா, மாதத்துக்கு ஏறத்தாழ 3,460. காருக்கு இழப்பு 3,53,000, காப்பீடு 75,000, பெட்ரோல் 3,33,000, பராமரிப்பு 70,000, பார்க்கிங் முதலியவை 60,000, வட்டி 1,23,000. மொத்தம் 10,14,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்குச் சற்று மேல், மாதத்துக்கு 16,900. பெட்ரோலை மட்டும் பார்த்தபோது மூன்று மடங்காகத் தெரிந்த இடைவெளி, எல்லாவற்றையும் சேர்த்ததும் ஐந்து மடங்கை நெருங்குகிறது.

இந்த இரண்டு பட்டியல்களின் அமைப்பும் வேறு வேறானது. பைக்கின் மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி பெட்ரோல். காரில் அது மூன்றில் ஒரு பங்குதான். பைக் வாங்குபவர் மைலேஜைப் பார்த்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. கார் வாங்குபவர் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு லட்சம் அதிகம் கொடுத்து வேறு மாடலுக்குப் போவது, மேற்சொன்ன ஓட்டத்தில், நட்டக் கணக்கு: 15 கிலோமீட்டர் 17 ஆனால் ஐந்தாண்டில் மிச்சமாகும் பெட்ரோல் 40,000 ரூபாய்க்குக்கூட வராது. காரில் சிக்கனம் செய்ய வேண்டிய இடங்கள் வாங்கும் விலையும் வைத்திருக்கும் ஆண்டுகளும்தான். ஐந்தாண்டில் மாற்றாமல் பத்தாண்டு ஓட்டினால் முதல் ஆண்டுகளின் பெரும் இழப்பு இரண்டு மடங்கு தூரத்தின் மேல் பரவிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கார்

இப்போது கிலோமீட்டர் எண்ணை மாற்றிப் பாருங்கள். வேலைக்குப் பைக்கிலேயே போய்வந்து, குடும்பத்தோடு வெளியே போக மட்டும் கார் வாங்கும் வீடுகள் நிறைய உண்டு. அந்தக் கார் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் ஐந்தாண்டில் 1,33,000 ஆகக் குறையும். பராமரிப்பு 40,000, பார்க்கிங் முதலியவை 50,000. குறைவாக ஓடியதால் மறுவிற்பனையில் சற்றுக் கூடுதலாக 3,60,000 கிடைக்கலாம். காப்பீடும் வட்டியும் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மொத்தம் 7,44,000, கிலோமீட்டருக்கு 37 ரூபாய். ஓட்டத்தை அறுபது விழுக்காடு குறைத்தும் மொத்தச் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது.

வாடகைக் காரைக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று கொண்டு, அதே 4,000 கிலோமீட்டருக்கு 56,000 ரூபாயும் ஓட்டுநர் பாட்டா, சுங்கம் முதலியவற்றுக்கு 15,000 ரூபாயும் வைத்தால் ஆண்டுக்கு 71,000 ஆகிறது. சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 1,48,800. நகருக்குள் போகும் குறுகிய பயணங்களில் ஆட்டோவுக்கும் கால் டாக்ஸிக்கும் கிலோமீட்டர் கணக்கு இவ்வளவு சாதகமாக இருக்காது. அவற்றைத் தனி வரியாக எழுதுங்கள். அப்படி எழுதினாலும், சொந்தப் பைக்கும் தேவைப்படும்போது வாடகைக் காரும் என்ற ஏற்பாடு பல குடும்பங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. நடக்க முடியாத பெற்றோர், அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை, கைக்குழந்தை, இரவு நேர வேலை ஆகியவை உள்ள வீட்டில் இந்தக் கணக்கு தீர்ப்புச் சொல்லக் கூடாது. அங்கே அது எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

தாளில் எழுத மறக்கும் வரி

பைக்கின் 4 ரூபாய் 15 பைசாவில் சேராத செலவு ஒன்று உண்டு. இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், அதாவது 44.5 விழுக்காடு. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் அந்த ஆண்டு 50,029 பேர். ஒரு எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சையும் சில மாதச் சம்பள இழப்பும் ஐந்தாண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும் என்பதால், பைக்கைத் தேர்ந்தெடுப்பவர் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை மருத்துவக் காப்பீட்டுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் ஒதுக்கியே தீர வேண்டும். வண்டிக் காப்பீட்டோடு வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் உரிமையாளருக்கு உரியது. மனைவி பெயரில் வண்டி இருந்து கணவர் ஓட்டினால் அந்தக் காப்பை நம்பிப் பயனில்லை. இதற்காக மாதம் 1,000 ரூபாய் சேர்த்தாலும் பைக்கின் செலவு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 35 பைசாதான் ஆகிறது.

பெரிய பைக்கும் பழைய காரும்

பெரிய பைக் வாங்க நினைப்பவர் இதுவரை சொன்ன பைக் எண்களை எடுத்துக்கொள்ளக் கூடாது. 350 சி.சி. வண்டியின் விலை, வரியும் காப்பீடும் சேர்த்தால், பல மாடல்களில் இரண்டு லட்சத்தைத் தாண்டும்; வரி 12 விழுக்காடு, மூன்றாம் நபர் காப்பீடு ஏறக்குறைய இரண்டு மடங்கு, மைலேஜ் 30 முதல் 35, டயரும் சர்வீஸும் அதற்கேற்ப. இந்த விலையில் ஏழெட்டு வயதான சிறிய கார் கிடைக்கிறது. அதன் மதிப்பு பெருமளவு முன்பே இறங்கிவிட்டதால் இனி இழப்பதற்குக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் பழைய காரில் கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரசர் என்று ஒரே ஆண்டில் 40,000 ரூபாய் போகக்கூடும். அந்தத் தொகையை வாங்கும்போதே தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இறங்க வேண்டாம். பதிவுச் சான்று (ஆர்.சி.) முடியும் தேதியையும் பாருங்கள். பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்க பைக்குக்கு 1,000 ரூபாயும் காருக்கு 5,000 ரூபாயும் கட்டணம். இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் இது முறையே 2,000, 10,000 என்று உயர்ந்தது.

எந்த வண்டியானாலும் சின்னக் கீறலுக்கெல்லாம் காப்பீட்டில் இழப்பீடு கேட்பதற்கு முன் ‘நோ கிளெய்ம் போனஸ்’ கணக்கைப் பாருங்கள். இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பகுதியின் கட்டணத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை கேட்டால் மீண்டும் தொடக்கத்திலிருந்துதான். 45 விழுக்காட்டில் இருக்கும் கார்க்காரர் 3,000 ரூபாய் பம்பர் வேலைக்கு இழப்பீடு கேட்டால், அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலில் மட்டுமே அதைவிடக் கூடுதலாகக் கட்ட நேரலாம். இந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்கும்போது சான்று பெற்று அதற்கு மாற்றிக்கொள்ளலாம். காப்பீடு முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த தள்ளுபடி முழுவதும் போய்விடும் என்பதால், புதுப்பிக்கும் தேதியைக் கணக்குத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.